ஒன்பது கைகள், எண்பத்தொரு சதுரம்

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம். முன்கட்டில் குடும்பம், பின்கட்டில் தறி என்று இருக்கும் வீடுகள் அங்கே நிறைய. லுங்கியும் சேலையும் நாள் முழுக்க இறங்கிக்கொண்டிருக்கும். பாவு தீரும்போது மிஞ்சுகிற முனை, சாயம் சரியாகப் பிடிக்காத முழம், நூல் அறுந்து பழுதான பகுதி என்று தறிவீட்டு மூலையில் ஒரு துணிக்குவியலும் சேர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் அது பட்டறைகளுக்குத் துடைப்புத் துணியாகப் போய்ச் சேரும்.

அந்தக் குவியலுக்கு இன்னொரு வழி உண்டு. பலர் கூடி, ஆளுக்குச் சில சதுரம் தைத்து, ஒரே போர்வையாக இணைத்து, ஒரு நற்பணிக்காக ஏலம் விடுவது. உலகின் பல நாடுகளில் பெண்கள் குழுக்கள் செய்யும் வேலை இது. அதில் ஜப்பானியத் துணிகளுக்குத் தனி மதிப்பு. நீலமும் வெள்ளையும் கலந்த, கை தேய்ந்து மிருதுவான அந்தப் பருத்தித் துண்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஜப்பான் தூரமும் அல்ல. கும்மிடிப்பூண்டிப் பக்கம் மகிந்திராவும் ஜப்பானின் சுமிதோமோவும் சேர்ந்து அமைத்த தொழில் பூங்கா இருக்கிறது. எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டியில் இசுசு, கோபெல்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள். சென்னையில் ஜப்பானியக் குடும்பங்கள் ஏராளம்.

ஆனால் இந்த உறவு தொழிற்சாலைகளோடு தொடங்கியதல்ல. பள்ளிப்பட்டு மாவட்டத்தின் மேற்கு முனை என்றால், பழவேற்காடு கிழக்கு முனை. 1610இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கால் ஊன்றினார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அதே டச்சுக் கம்பெனிக்கு 1609 முதல் ஜப்பானின் ஹிராதோவில் ஒரு கிடங்கு இருந்தது. 1641இல் நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா என்ற சின்னத் தீவுக்கு அதை மாற்றினார்கள். ஜப்பான் வெளியுலகுக்குக் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்ட அந்த இருநூறு ஆண்டுகளில் அங்கே போக முடிந்த ஒரே ஐரோப்பியக் கப்பல் டச்சுக்காரர்களுடையது. அந்தக் கப்பல்களில் சோழமண்டலக் கரையின் துணிகள் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாக ஜப்பான் சேர்ந்தன.

அங்கே அவை பெற்ற வரவேற்பு நம்மை நிமிர வைக்கும். மெல்லிய நூலில் நெய்த நம் கோடுபோட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர் 'சந்தோமெ' என்று பெயர் வைத்தார்கள். மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம்தான் அது. பட்டும் பகட்டு நிறமும் சாதாரண மக்களுக்குத் தடைசெய்யப்பட்ட எடோ (இன்றைய தோக்கியோ) நகரத்தில், அடக்கமாகவும் அழகாகவும் இருந்த இந்தக் கோட்டுத்துணி பெருநாகரிகமானது. உள்ளூர் நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்யக் கற்றார்கள். 'தோசான்' என்ற பெயரில் சிபா மாநிலத்தின் ததெயாமாவில் அந்த நெசவு இன்றும் உயிரோடிருக்கிறது. கலம்காரிப் பாணியில் வரைந்த நம் பூத்துணிகளின் சின்னத் துண்டுகளைக்கூட அவர்கள் தேநீர்ச் சடங்குப் பொருள்களுக்குப் பையாகவும் உறையாகவும் தைத்துப் போற்றினார்கள். ஹிகோனே பகுதியை ஆண்ட ஈ குடும்பத்தார் அப்படிச் சேர்த்த சுமார் 450 துண்டுகள் இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கைக்குட்டை அளவுகூட இல்லாத துண்டுகளும் அவற்றில் உண்டு. நாம் துடைப்புத் துணி என்று தள்ளுவதை ஒரு பிரபு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறது.

ஆகவே பள்ளிப்பட்டில் யாராவது ஜப்பானியக் கோட்டுத்துணியையும் உள்ளூர் லுங்கித் துண்டையும் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால், அது நானூறு ஆண்டு பிரிந்திருந்த உறவினரை ஒரே பந்தியில் உட்கார வைத்ததுபோல.

துண்டு சேர்த்துத் தைக்கும் பழக்கமும் இரண்டு பக்கத்துக்கும் பொது. பௌத்த விநய நூல்கள் சொல்லும் செய்தி இது: மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி, துறவியின் ஆடையும் அதுபோலக் கட்டம் கட்டமாக இருக்கட்டும் என்று புத்தர் ஆனந்தரிடம் சொன்னார். எறியப்பட்ட துணிகளை வெட்டி, வயல் போல இணைத்த அந்த ஆடை சீனா வழியாக ஜப்பான் போனது. அங்கே அதன் பெயர் கேசா. 756இல் பேரரசி கோம்யோ தன் கணவரின் பொருள்களை நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலுக்குக் கொடுத்தபோது எழுதிய பட்டியலில் முதலில் வருபவை கேசாக்கள். ஒட்டுத் துண்டுகளை அடுக்கி நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்ட கேசா இன்னும் அங்கே பாதுகாப்பாக இருக்கிறது.

கனசாவா பக்கம் இன்னொரு வழக்கம் இருந்தது. குழந்தை நோய்நொடியின்றி வளர வேண்டுமென்று வீடு வீடாகப் போய்த் துண்டுத் துணி கேட்டு வாங்கி, நூறு துண்டில் ஒரு சட்டை தைத்துப் போடுவார்கள். நூறு வீட்டு நல்லெண்ணமும் பிள்ளையின் உடம்பில் கிடக்கும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல் பாட்டியின் பழஞ்சேலையில் சுற்றுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஆந்திரக் கிராமங்களில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் 'பொந்த'வும், கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி'யும் இதே குடும்பம்தான்.

இனி தையலுக்கு வருவோம். உண்மையான வியப்பு அங்கேதான் இருக்கிறது.

ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த முகப்பு, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் குவில்ட் என்ற பெயரை அதற்கு வாங்கிக் கொடுக்கிறது. ஒருவர் தனியாகச் செய்தால் தவறு ஒரே மாதிரி இருக்கும், சமாளித்துவிடலாம். ஒன்பது பேர் தைத்தால்? தையற்காரர்கள் மார்ஜின் என்று சொல்லும் ஓரத்துக்குக் கால் அங்குலம் விட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருப்போம். ஒருவர் கை ஒரு மயிரிழை உள்ளே போகும். இன்னொருவர் கை வெளியே நிற்கும். இது கவனக்குறைவு இல்லை. கையெழுத்து மாதிரி ஆளுக்கு ஆள் அமைந்துவிடுகிற இயல்பு.

ஆறு அங்குலச் சதுரங்கள், பக்கத்துக்கு ஒன்பது, மொத்தம் எண்பத்தொன்று என்று வைத்துக்கொள்வோம். போர்வை 54 அங்குலச் சதுரமாக வரும். ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒன்பது சதுரம் தைக்கிறார்கள். ஒருவருடைய சதுரங்கள் எல்லாம் இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக வந்துவிடுகின்றன. அந்த ஒன்பதையும் ஒரே வரிசையில் வைத்தால் அந்த வரிசை பக்கத்து வரிசையைவிட 18 மில்லிமீட்டர் நீளும். இணைக்கும்போது துணி சுருங்கி, அலை அலையாக எழும்பும். இஸ்திரி போட்டாலும் அடங்காது.

சரி, ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொருவருடைய சதுரமும் ஒரே ஒருமுறை வரும்படி, ஒவ்வொரு நெடுக்குப் பத்தியிலும் அதேபோல ஒரே ஒருமுறை வரும்படி அடுக்கினால்? சுடோகு போடுகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். கணிதத்தில் இதற்கு லத்தீன் சதுரம் என்று பெயர். ஒன்பது பேருடைய கைப்பழக்கமும் எல்லா வரிசையிலும் சம அளவில் கலந்துவிடுவதால், வரிசைகள் எல்லாம் ஒரே நீளத்துக்கு வந்து நிற்கும். யாருடைய தவறையும் திருத்தவில்லை. யாரையும் பிரித்துத் தைக்கச் சொல்லவில்லை. இடம் மாற்றி வைத்தது மட்டுமே. ஓரங்கள் நேராகிவிடும். நடுவில் மூலைகள் சந்திக்கும் இடத்தில் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளும். அதைத் துணி தானே வளைந்துகொடுத்து ஏற்றுக்கொள்ளும்.

இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919 முதல் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் இதே உத்தியை வயல்களில் பயன்படுத்தினார். ஒரு வயலில் ஒரு மூலை வளமாக இருக்கும், இன்னொரு மூலை சோடையாக இருக்கும். எந்த விதை சிறந்தது என்று நியாயமாகச் சோதிக்க, விதைகளை லத்தீன் சதுரமாக நட்டால் மண்ணின் ஏற்றத்தாழ்வு கழிந்துவிடும். 1935இல் வந்த அவருடைய சோதனை வடிவமைப்பு நூல் இன்றைக்கும் புள்ளியியலின் அடித்தளம். புத்தர் வயலைப் பார்த்து ஆடைக்கு அளவு சொன்னார். ஃபிஷர் வயலுக்குப் போட்ட கட்டம் நம் போர்வைக்கு உதவுகிறது.

கைப்பழக்கம் கழிந்தாலும் தற்செயலான பிழைகள் மிஞ்சும். கத்தரி வழுக்கியது, ஊசி நகர்ந்தது, இப்படி. அவையும் நாம் பயப்படுகிற அளவுக்குக் கூடுவதில்லை. கூடுதல் சில, குறைவு சில என்று ஒன்றையொன்று தின்றுவிடும். சதுரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தற்செயல் பிழை இருந்தால், ஒன்பது சதுர வரிசையில் அது ஒன்பது மில்லிமீட்டர் ஆவதில்லை. ஒன்பதின் வர்க்கமூலமான மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் நிற்கும். கூட்டாகச் செய்யும் வேலைக்கு இயற்கையே கொடுத்திருக்கும் சலுகை இது. ஒன்றே ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: எல்லோரும் ஒரே ஸ்கேலை வைத்து வெட்டட்டும். பழைய இஞ்ச் டேப் இழுபட்டு நீண்டிருக்கும். ஆளுக்கொரு டேப் என்றால் போர்வை கோணும். ஸ்கேல் தவறாகவே இருந்தாலும், எல்லோருக்கும் அதே தவறு என்றால் குறையில்லை.

ஜப்பானியத் துணியை வெட்டும்போது இன்னொன்று தெரியவரும். கிமோனோவுக்கு நெய்த பழந்துணி வெறும் 36, 37 சென்டிமீட்டர் அகலம்தான், நீளமோ 12 மீட்டர். நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் பிடிக்கும் தறியில், அகலத்தை முடிவு செய்வது நெசவாளியின் உடம்பு. 1733இல் ஜான் கே இழுப்பு நாடாவைக் கண்டுபிடித்தபின்தான் ஒரே ஆள் அகலத் துணி நெய்வது எளிதானது. அகலம் குறைந்தாலும் ஜப்பானியர் அதிலிருந்து ஒரு நூலைக்கூட வீணாக்கவில்லை. கிமோனோ முழுக்க முழுக்க நேர்கோட்டுத் துண்டுகள். வளைத்து வெட்டுவதே இல்லை. துவைக்க வேண்டுமென்றால் தையலைப் பிரித்து, துண்டுகளைத் துவைத்து, காயவைத்து, திரும்பத் தைத்துவிடுவார்கள். பிரிப்பதும் சேர்ப்பதும் அந்த உடையின் வாழ்க்கைமுறை. ஆறரை அங்குலத் துண்டு இரண்டு அதன் அகலத்தில் அடங்கிவிடும். முழு எண்பத்தொரு சதுரத்துக்கும் ஏழு மீட்டர் போதும்.

வெட்டும் திசையும் முக்கியம். பாவின் திசையிலோ ஊடையின் திசையிலோ இழுத்தால் துணி அசையாது, நேராக நூலையே இழுக்கிறோம். மூலைவாக்கில் இழுத்தால் நீளும். தையற்காரர்கள் இதைக் கிராஸ் என்பார்கள். அங்கே நூல்கள் நீள்வதில்லை. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் நூல்களின் கோணம்தான் மாறுகிறது, சதுரக் கட்டம் சாய்சதுரமாகிறது. ரவிக்கைக்கு இந்தக் குணம் வரம். போர்வைச் சதுரத்துக்கு ஆகாது.

துணியைத் தொடுவதற்கு முன் சாயத்தைச் சோதிக்க வேண்டும். ஜப்பானியத் துண்டுகளில் பாதி நீலமாக இருக்கும், நீலம் லேசில் நம்பத் தகுந்ததல்ல. அதன் வேதியியலே தனிக் கதை.

அவுரிச் செடியின் இலையில் நீலம் கிடையாது. நிறமற்ற ஒரு பொருள்தான் இருக்கிறது. திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரை அடித்துக் கலக்கும்போது காற்று கலந்து, அது நீலமாகி அடியில் படிகிறது. அந்த வண்டலை வடிகட்டிக் காயவைத்தால் நீலக் கட்டி. ஜப்பானில் பொதுவாக அவுரி பயன்படுவதில்லை. தோகுஷிமாவில் வேறொரு செடியின் இலையை நூறு நாள் வரை புழுங்கவிட்டு உரம் போல ஆக்குகிறார்கள். சுகுமோ என்று அதற்குப் பெயர். செடி வேறு, முறை வேறு, ஆனால் இரண்டிலும் கிடைக்கும் நீலம் ஒரே மூலக்கூறுதான்.

சங்கடம் என்னவென்றால், அந்த மூலக்கூறு தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் எப்படிப் போகும்? பாக்டீரியாக்கள்தான் வழி. நம்மவர்கள் தொட்டியில் சுண்ணாம்பும் ஊறவைத்த தகரை விதையும் போடுவார்கள். ஜப்பானியர் மரச்சாம்பல் நீரும் கோதுமைத் தவிடும் போடுவார்கள். காரத்தன்மையுள்ள அந்தத் தொட்டியில் நுண்ணுயிர்கள் உண்டு பெருகும்போது ஆக்சிஜனைத் தீர்த்து, நீலத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்கின்றன. நீலம் மஞ்சள்பச்சையாகிக் கரைகிறது. நூலை முக்கி எடுத்தால் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் நம் கண்ணெதிரே நீலமாகும். நூலுக்குள் புகுந்த பொருள் மறுபடி கரையாததாகி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது.

சிக்கிக்கொள்கிறதே தவிர, நூலோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை. அதனால்தான் நீலம் உரசினால் உதிர்கிறது, துவைக்கத் துவைக்க வெளுக்கிறது. நூலின் மேல்தோலில் மட்டும் சாயம் தங்கி உள்ளே வெள்ளையாக இருப்பதால், தேயும் இடத்தில் வெள்ளை எட்டிப்பார்க்கும். கியூஷூ தீவின் குருமேயில் வாழ்ந்த இனோவே தென் என்ற சிறுமி 1800ஐ ஒட்டி இதைத்தான் பார்த்தாள். வயது பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும். பழைய துணியில் நீலம் வெளுத்து விழுந்த வெண்புள்ளிகளைக் கண்டு, துணியை நூல் நூலாகப் பிரித்துப் பார்த்தாள். புள்ளி வேண்டிய இடத்தில் நூலைக் கட்டிவிட்டுச் சாயம் முக்கினால் என்ன என்று யோசித்தாள். குருமே கசூரி என்ற புகழ்பெற்ற துணி அப்படிப் பிறந்தது. ஆந்திரத்தின் சீராலாவில் தேலியா ருமால் என்ற துணிக்கு நூலைக் கட்டிச் சாயமிட்டதும் இதே அறிவுதான்.

சாயம் போகும் துணியை விற்றுக் காசாக்கிய வரலாறும் மெட்ராஸுக்கு உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம்போட்ட துணி, துவைத்ததும் நிறம் கலங்கி ஒன்றுக்குள் ஒன்று ஓடியது. குறையையே பெருமையாக்கி, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள், துணி பறந்தது. சட்டைக்கு அது சரி. ஒன்பது பேர் உழைத்த போர்வையில் ஒரே ஒரு துண்டு சாயம் விட்டால் எண்பது துண்டும் பாழ். ஆகவே ஒவ்வொரு துண்டையும் தனியே ஊறவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணிமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்க வேண்டும். வெள்ளையில் நிறம் இறங்கினால் மறுபடி அலச வேண்டும். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்று வீடுகளில் சொல்வது உண்டு. சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்த துணியில் அது ஒன்றும் செய்யாது. துவைத்தால் இன்னொரு நன்மை: புதுப் பருத்தி சுருங்கும். கஞ்சி ஏறிய லுங்கித் துண்டும், நூறு முறை அலசிய பழைய கிமோனோத் துண்டும் ஒரே அளவு சுருங்காது. சுருங்குவதெல்லாம் தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடட்டும்.

இனி அடுக்குகளை இணைக்கும் தையல். ஜப்பானியர் இதற்குப் போடுவது சாஷிகோ, நம் ஓட்டுத்தையலேதான். நீலத்துணியில் வெள்ளை நூல். முடிச்சுப் போடாமல், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி நாலைந்து தையலை மேலோட்டிவிட்டு நூலை வெட்டிவிடுவார்கள். பிடிப்பது எது? உராய்வு. பழவேற்காட்டுப் படகுத்துறையில் கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் பெரிய படகையும் ஒரே கையால் நிறுத்தலாம் அல்லவா? ஆய்லர் என்ற 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை இதற்குச் சூத்திரம் எழுதினார். வளைவு கூடக் கூடப் பிடிப்பு கூட்டல் கணக்கில் வளராது, பெருக்கல் கணக்கில் வளரும். உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், நூல் ஒரு அரைவட்டம் வளையும்போது பிடிப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஐந்து அரைவட்டம் கடந்தால் நூற்றுப் பத்து மடங்கு. நாலைந்து தையல் போதும் என்று பாட்டிமார் கண்டது இந்தக் கணக்குத்தான். மூன்று சென்டிமீட்டருக்கும் குட்டையான பஞ்சுநார்கள் முறுக்கின் உராய்வால் மட்டுமே ஒன்றையொன்று பிடித்து மைல்கணக்கில் நூலாக நீள்வதும் இதே வகை. குட்டை நார்கள் எப்படி நீண்ட கயிறாகிப் பாரம் தாங்குகின்றன என்று 1638இல் கலிலியோவே எழுதி விசாரித்திருக்கிறார்.

சாஷிகோவில் ஹிதோமேஸாஷி என்று ஒரு வகை இருக்கிறது. கூட்டுத் தையலுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. துணியில் சம அளவுக் கட்டம் வரைந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் ஊசி ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே என்று மாறி மாறி ஓடும். கோட்டுக்கு ஒரே ஒரு சுதந்திரம்தான்: முதல் தையல் மேலே தெரிய வேண்டுமா, அடியில் ஒளிய வேண்டுமா. கிடைக்கோடு முழுவதும் போட்டுவிட்டு நெடுக்கோடும் அதேபோல. அவ்வளவே. முடிவில் படிகளும் சிலுவைகளும் மூடிய வளையங்களுமாக, திட்டமிட்டு வரைந்தாற்போல ஒரு கோலம் விரிந்துவிடும்.

ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு கிடைக்கோடும் ஒரு நெடுக்கோடும் எடுத்துக்கொண்டு, மற்றவரைக் கேட்காமல், மேலா கீழா என்று தாங்களே முடிவு செய்யட்டும். மொத்தம் பதினெட்டு முடிவு, 2,62,144 விதமான கோலங்கள். ஒன்றுகூட அலங்கோலமாக வராது. எந்தக் கோலமானாலும் இரண்டே நிறத்தில் பக்கத்துப் பகுதிகள் மோதாமல் நிரப்பிவிடலாம். அதற்கும் மேலே ஒரு விந்தை. 2022இல் காலின் டெஃபன்ட், நோவா கிராவிட்ஸ் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் நிறுவியது: இந்தத் தையலில் உருவாகும் மூடிய வளையம் எதுவானாலும் அதன் நீளத்தை எட்டால் வகுத்தால் மீதி நான்குதான். 4, 12, 20 என்று வரும், 8 தையலிலோ 16 தையலிலோ ஒரு வளையம் மூடவே மூடாது. உள்ளே அடங்கும் கட்டங்களை நான்கால் வகுத்தால் மீதி எப்போதும் ஒன்று. ஒரு தாளில் நீங்களே போட்டு எண்ணிப் பார்க்கலாம். மிகச் சிறிய வளையம் ஒற்றைச் சதுரம், நான்கு தையல், ஒரு கட்டம். அடுத்தது கூட்டல் குறி, பன்னிரண்டு தையல், ஐந்து கட்டம்.

வாசற்கோலத்தில் இதே வகைக் கேள்விகளை நம்மவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோன்மணியும் ராணி சிரோன்மணியும் 1970களில் புள்ளிக்கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கணமாக ஆராய்ந்து எழுதியவை உலக அளவில் மேற்கோள் காட்டப்படுகின்றன. வாசலில் கோலமாவும் ஜப்பானில் வெள்ளை நூலும் ஒரே வகைக் கணிதத்தைச் செய்துகொண்டிருந்திருக்கின்றன.

போர்வை எதனால் கதகதப்பு தருகிறது? பஞ்சு சூட்டை உண்டாக்குவதில்லை. அது காற்றைப் பிடித்து வைக்கிறது. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி, தண்ணீரோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குகூடக் கடத்தாது. ஆனால் காற்று அசைந்தால் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். பஞ்சு நார்கள் காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து அசையவிடாமல் தடுக்கின்றன. தையல் இல்லாவிட்டால் இரண்டு துவையலில் பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். தையலை மிக நெருக்கினாலோ பஞ்சு அமுங்கிக் காற்று வெளியேறிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு இருக்கிறது.

ஜப்பானின் வடகிழக்கில் பருத்தி விளையாது, அவ்வளவு குளிர். அங்கே ஏழைகள் நார்த்துணிதான் உடுத்தினார்கள். அதன் கண்ணிகளில் காற்று ஊடுருவும். ஒசாகாவிலிருந்து கப்பலில் வரும் பழந்துணிக் கந்தலுக்குக் காத்திருந்து வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்து மூன்று நான்கு தலைமுறை பயன்படுத்தினார்கள். சுகரு பகுதிப் பெண்கள் நார்த்துணியின் கண்ணி கண்ணியாக வெள்ளைப் பருத்தி நூலை ஓட்டி அடைத்தார்கள். இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் கலைப்பொருளாகத் தொங்கும் போரோ துணிகளும் கோகின் தையலும் அந்தக் குளிர்காலங்களின் தேவையிலிருந்து வந்தவை.

அதே அடுக்குத்துணி நெருப்புக்கும் ஈடுகொடுத்தது. மரவீடுகள் நெருங்கிய எடோ நகரில் தீயணைப்பு வீரர்கள் பல அடுக்குப் பருத்தியைச் சாஷிகோவால் இறுக்கித் தைத்த அங்கியை அணிந்து, முழுக்கத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நெருப்பை நோக்கிப் போனார்கள். காற்று இருந்த இடத்தில் இப்போது தண்ணீர். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாவதற்கு 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அவ்வளவையும் நெருப்பிலிருந்து அங்கி குடித்துத் தீர்க்கும் வரை உள்ளே மனிதன் பிழைத்திருப்பான். மற்ற நார்கள் பலவும் நனைந்தால் தளரும். பருத்தி நனைந்தால் வலு கூடும். குளிரில் காற்றையும் தீயில் நீரையும் பிடித்து வைத்தது ஒரே தையல்.

ஏலம் பற்றிச் சிறிது. முதல் உலகப்போரின்போது அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காகப் பெண்கள் போர்வை தைத்தார்கள். சில காசு கொடுத்தவர்களின் பெயரைச் சதுரங்களில் நூலால் எழுதினார்கள். 1917 டிசம்பரில் ஒரு பெண்கள் பத்திரிகை, ஒரே போர்வையால் ஆயிரம் டாலர் திரட்டும் வழியை வரைபடத்தோடு வெளியிட்டது. பெயருக்கு ஒருமுறை பணம், ஏலத்தில் மறுமுறை பணம். நம் தேவாலயங்களின் அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காயை ஏலம் எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுக்க, அதே காய் மறுபடி மறுபடி ஏலம் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருளாதாரம் புதிதல்ல. கோயில்களில் அம்மனுக்குச் சாத்திய புடவைகள் ஏலம் போவதும் ஊரறிந்தது. கூடியிருப்பவர்கள் பூசணிக்காய்க்கு விலை சொல்வதில்லை, எந்தக் காரியத்துக்குப் பணம் போகிறதோ அதற்குச் சொல்கிறார்கள்.

பள்ளிப்பட்டிலும் ஆர்.கே.பேட்டையிலும் இதைச் செய்யத் தேவையான எல்லாம் இருக்கின்றன. துணி தறிவீட்டு மூலையில் கிடக்கிறது. பாவும் ஊடையும் எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லும் பெண்கள் வீட்டுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். மகளிர் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஜப்பானியக் குடும்பங்களிடம் பழந்துணி கேட்டால் மகிழ்ந்து கொடுப்பார்கள், அவர்கள் பாட்டிமார் துண்டுகூட வீசாதவர்கள். ஒரு அரசுப் பள்ளி நூலகத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ என்று முன்கூட்டியே தீர்மானித்து அறிவியுங்கள். ஒரே ஸ்கேலில் வெட்டுங்கள், துவைத்தபின் தையுங்கள், சதுரங்களைச் சுடோகு போலக் கலந்து வையுங்கள். பழைய போர்வைகளில் பெரும்பாலானவற்றை யார் தைத்தார்கள் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆகவே ஏலத்துக்கு அனுப்பும் முன், அடித்துணியின் ஒரு மூலையில் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் ஒன்பது பேருடைய பெயரையும் அழியாத நூலில் எழுதித் தைத்துவிடுங்கள்.